கொள்ளு பரப்பிய சாலையில்

சபையாரே, என் வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெபம் கேட்கப்பட்டது என்று ஒருவன் எழுந்து நின்றால், கடைசியில் எல்லாம் திரும்பக் கிடைத்துவிடும் என்று நாம் காத்திருப்போம். எனக்கு எல்லாம் திரும்பக் கிடைக்கவில்லை. கிடைத்ததைச் சொல்ல வந்திருக்கிறேன்.

போன ஜனவரி, பொங்கல் முடிந்து வந்த ஞாயிறு. காலை ஒன்பதரை மணியிலிருந்து மதியம் மூன்று மணி வரைக்கும், கோலாரைத் தாண்டி ஒரு பள்ளத்தில், என் மோட்டார் சைக்கிளுக்கு அடியில் கிடந்தேன். என்னைத் தேடி ஒருவரும் வரவில்லை. என்னோடு புறப்பட்டவர்கள் என் தலைக்கு மேலே இருந்த சாலையில் இரண்டு தடவை கடந்து போனார்கள். போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை. அவர்களுடைய வண்டிச் சத்தத்தை வைத்தே எது யாருடைய வண்டி என்று எனக்குத் தெரிந்தது. அவர்களுக்கு என் சத்தம் கேட்கவில்லை.

என் பெயர் சாமுவேல். லிங்கராஜபுரத்தில் கிரில், கேட் செய்யும் வெல்டிங் கடை வைத்திருக்கிறேன். என் மனைவி ஷீலாவை இந்தச் சபையில் எல்லாருக்கும் தெரியும். என்னைப் பலருக்குத் தெரியாது. அந்த ஞாயிறு வரைக்கும் ஏழு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இங்கே இருந்ததில்லை. எங்களுடைய பைக் கிளப்பில் பதினைந்து பேர். நான்தான் கேப்டன். கறுப்பு ஜாக்கெட், முதுகில் மண்டை ஓடு. எங்கள் வண்டிகளின் சைலன்சரை எல்லாம் கழற்றிவிட்டு, காது கிழிகிற மாதிரி சத்தம் போடும் குழாய்களை என் கடையில் நானே வெல்டு செய்து மாட்டியிருந்தேன். தெருவில் குழந்தைகள் அலறி எழுந்தால் எங்களுக்குப் பெருமை. யாராவது பின்தங்கினால் நிற்கக் கூடாது என்று ஒரு சட்டமும் போட்டிருந்தேன். "ஓட்டத் தெரிஞ்சவன் வருவான். தெரியாதவன் பஸ்ல வரட்டும்" என்பேன். எல்லாரும் கை தட்டுவார்கள்.

அந்த ஞாயிறு ஷீலா உபவாசம் இருந்தாள். நான் கிளம்பும்போது வாசலில் நின்று, "இன்னிக்கி ஒரு நாள் சர்ச்சுக்கு வாங்களேன். பொண்ணு பாடுறா" என்றாள். எங்கள் மகள் அன்று முதல்முறையாகத் தனியாகப் பாட இருந்தாள். "வீடியோ எடுத்து அனுப்பு" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். அவள் அதற்கு மேல் ஏதோ சொன்னாள். என் வண்டிச் சத்தத்தில் எனக்கு அது கேட்கவில்லை.

நல்ல குளிர். கே.ஆர். புரம் தாண்டும்போது கையுறைக்குள் விரல்கள் மரத்துவிட்டன. ஹொஸ்கோட்டைக்கு அப்புறம் பனி விலகி வெயில் வந்தது. அந்த மாதிரி வெயில் ஜனவரியில்தான் வரும். கண் கூசும், உடம்பில் சுடாது. ரோடு கண்ணாடி மாதிரி கிடந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

முன்னால் ஒரு டெம்போ, காலித் தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போனது. ஹாரன் அடித்தேன். ஒதுங்கவில்லை. இடது பக்கம் லாரி இருந்ததால் அவனால் ஒதுங்க முடியவில்லை என்பது இப்போது தெரிகிறது. லாரிக்கும் அவனுக்கும் நடுவே நுழைந்து, ஓடுகிற வண்டியில் இருந்தபடியே காலைத் தூக்கி அவனுடைய பக்கக் கண்ணாடியை உதைத்து உடைத்தேன். வலது கால்தான். டிரைவர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தான். ஐம்பது வயது இருக்கும், தலையில் குளிருக்குப் போட்ட மங்கிக் குல்லா. நான் கை காட்டிவிட்டுப் போனேன்.

நரசாபுரத்துக்குப் பக்கத்தில் ஓட்டலில் தட்டு இட்லி சாப்பிட நிறுத்தினோம். எங்களில் நவீன் என்று ஒரு தம்பி. கம்ப்யூட்டர் வேலை. சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவனுக்குத் திக்குவாய். அவன் தட்டை வைத்துவிட்டு என்னிடம் வந்தான்.

"ண்ணா, அ... அந்த டிரைவர் என்ன ப... பண்ணாரு? எதுக்கு க... கண்ணாடிய ஒடச்சீங்க? பாவம்ல?"

எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிட்டான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான், "எ... எ... என்னடா கே... கேக்கற?" என்றேன்.

முதலில் ஒருத்தன் சிரித்தான். பிறகு எல்லாரும். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் சர்வரைக் கூப்பிட்டு, "ரெ... ரெண்டு கா... காபி" என்றேன். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். நவீன் முகம் வெளுத்துவிட்டது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. நாங்கள் எல்லாரும் அந்த எழுத்துக்காக வேடிக்கை பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். அவன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் வண்டி பெங்களூர் பக்கம் திரும்புவதைப் பார்த்தேன்.

இதைச் சொல்லும்போது எனக்கு நா எழவில்லை. ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் அது சாட்சி ஆகாது.

அதற்குப் பிறகு யாரும் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை. "நான் முன்னாடி போறேன். தைரியம் இருந்தா புடிங்கடா" என்று கிளம்பினேன். கோலாரைத் தாண்டி, அன்று நாங்கள் போக இருந்த மலைக்குப் போகிற குறுக்குச் சாலை. எண்பதுக்குக் குறையாமல் போனேன்.

அந்தப் பக்கத்து விவசாயிகள் அறுவடை முடிந்ததும் கொள்ளுச் செடிகளைச் சாலையிலேயே பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகளே மிதித்துக் கொடுத்துவிடும். சாயங்காலம் வந்து கொள்ளைக் கூட்டி அள்ளிக்கொள்வார்கள். ஒரு வளைவில் திரும்பினேன். சாலை முழுக்கக் கொள்ளுச் செடி, முழங்கால் உயரத்துக்கு. பிரேக் அடித்தேன். அடித்திருக்கக் கூடாது. வண்டி எண்ணெயில் வழுக்குவது மாதிரி போய், ஓரத்தில் இருந்த பள்ளத்துக்குள் விழுந்தது. இரண்டு ஆள் ஆழம். உண்ணிச்செடிப் புதர் என்னையும் வண்டியையும் விழுங்கிவிட்டது.

நான் மல்லாக்கக் கிடந்தேன். வண்டியின் எஞ்சின் என் வலது காலின் மேல். கொதிக்கிற எக்ஸாஸ்ட் குழாய் கெண்டைக்காலில் அழுந்தியிருந்தது. என் கையால் வெல்டு செய்த குழாய். சதை கருகுகிற வாசனை வந்தது. அது என் சதை என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இடது மணிக்கட்டு உடைந்துவிட்டது. பேட்டரி வயர் அறுந்து ஹாரனும் போய்விட்டது. போன் எங்கேயோ புதருக்குள் விழுந்து கிடந்தது. அதன் சத்தம் மட்டும் கேட்டது.

கால் மணி நேரத்தில் நண்பர்கள் வந்தார்கள். பதின்மூன்று வண்டி. கொள்ளுச் செடிக்காக வேகத்தைக் குறைத்தார்கள். நான் உயிரைக் கொடுத்துக் கத்தினேன். தாடையில் அடிபட்டிருந்தது. வார்த்தை முழுசாக வரவில்லை. "கா... கா..." என்றுதான் வந்தது. அந்தச் சத்தத்தை என் காதால் கேட்டேன். ஓட்டலில் நான் போட்ட அதே சத்தம். மேலே பதின்மூன்று குழாய்களும் உறுமிக்கொண்டு போயின. பிறகு ஒரு மைனா கத்துவது கேட்டது.

பள்ளத்துக்குள் வெயில் இல்லை. மேலே யூகலிப்டஸ் மரங்களின் உச்சியில் வெயில் தகதகவென்று அடித்தது. நான் கிடந்த மண் ஐஸ் மாதிரி இருந்தது. பல் அடித்துக்கொண்டது. பதினொரு மணிக்கு மேல்தான் வெயில் என் மேல் விழுந்தது. அதோடு எறும்புகளும் வந்தன. காலுக்குத்தான் போயின. அப்போது காலில் எனக்கு உணர்ச்சி இல்லை. எறும்புகள் போவதைப் பார்க்க மட்டும் முடிந்தது.

பன்னிரண்டு மணிவாக்கில் போன் அடித்தது. அடித்து நின்றது. மறுபடியும் அடித்தது. ஏழு தடவை. ஷீலாதான் என்று எனக்குத் தெரியும். ஆராதனை முடிந்து, மகள் பாடியதைச் சொல்லக் கூப்பிடுகிறாள். ரைடில் இருக்கும்போது அவள் கூப்பிட்டால் நான் எடுப்பதில்லை, வேண்டுமென்றே. அதனால் ஏழு தடவைக்குப் பிறகு அவளும் விட்டுவிட்டாள்.

ஒரு மணிக்கு மேல் நண்பர்கள் திரும்பிப் போனார்கள். அப்போது எனக்குக் கத்தவும் சக்தி இல்லை. கிளப்பின் வாட்ஸப் குரூப்பில் அன்றைக்கு அவர்கள் எழுதியதைப் பிறகு ஆஸ்பத்திரியில் படித்தேன். மலை உச்சியில் எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் போட்டோ. கீழே ஒருத்தன், "கேப்டன் காணோம், கோவிச்சிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு போல." அடுத்தவன், "ரூல் ஈஸ் ரூல் மச்சா, யாருக்கும் நிக்கக் கூடாது." அதற்குக் கீழே பதினோரு சிரிப்பு முகம்.

ஜெபித்தீர்களா என்று கேட்பீர்கள். ஜெபித்தேன். முதலில் கால் போகக் கூடாது என்று ஜெபித்தேன். வண்டிக்காகக் கூட ஜெபித்தேன், வெட்கமாக இருக்கிறது. பிறகு, "பிழைத்தால் சபைக்கு வருவேன், தசமபாகம் கொடுப்பேன்" என்று பேரம் பேசினேன். வாக்குக் கொடுக்கக் கொடுக்க எனக்கே நம்பிக்கை போனது. என்னைப் பற்றி எனக்குத் தெரியுமே. இரண்டு மணி வாக்கில் பேரம் பேசவும் ஒன்றும் மிச்சமில்லை. அப்போது கேட்டது இதுதான்: "ஆண்டவரே, நான் இதுக்கு லாயக்குதான். ஆனா தனியா சாகப் பயமா இருக்கு. யாராவது ஒருத்தர அனுப்புங்க. நல்லவரா இருக்கணும்னு கூட இல்ல."

கொஞ்ச நேரத்தில் மேலே ஒரு வண்டி நின்றது. ஒரு ஆள் ஓரமாக வந்து சிறுநீர் கழித்தார். நான் முனகினேன். அவர் திடுக்கிட்டு, "யாரு அது?" என்றார்.

"அண்ணா... கால்..."

உண்ணிச்செடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். மங்கிக் குல்லா. ஒரு கணம் என் ஜாக்கெட்டைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"நீனா?" என்றார். நீயா என்பதைக் கன்னடத்தில் கேட்டார். பிறகு தமிழில் பேசினார். கலாசிப்பாளையம் மார்க்கெட்டில் பழகிய தமிழ். "காலைல என் கன்னடி ஒடச்சது நீதானே?"

அவர் குனிந்து என் காலைப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"வலிக்குது அண்ணா."

"வலிக்கட்டும்" என்றார்.

மேலே ஏறிப் போனார். டெம்போவின் கதவு சாத்தும் சத்தம். எஞ்சின் கிளம்பியது. கியர் மாறியது. சத்தம் தேய்ந்து தேய்ந்து, இல்லாமல் போனது.

சபையாரே, அந்த நிமிஷம் நான் ஜெபிக்கவில்லை. ஆண்டவரைத் திட்டினேன். இந்த இடத்தில் சொல்ல முடியாத வார்த்தைகளில் திட்டினேன். "இதுக்குத்தான் அனுப்பினியா?" என்று கேட்டேன். "காட்டிட்டுத் தூக்கிட்டுப் போறியா?" என்று கேட்டேன். குரல் போகும் வரைக்கும் திட்டினேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டேன்.

பத்து நிமிஷமோ அரை மணியோ, எனக்குத் தெரியாது. மறுபடியும் டெம்போ வந்தது. அவரும் இன்னும் இரண்டு பேரும் இறங்கினார்கள். ஒரு பலகையும் கயிறும் கொண்டுவந்திருந்தார்கள். மூன்று பேரும் சேர்ந்து வண்டியைத் தூக்கினார்கள். நான் அலறிய அலறலில் ஒருத்தர் கையை விடப் பார்த்தார். "விடாதே, விடாதே" என்று டிரைவர் அதட்டினார். என்னிடம், "கத்திக்கோ. லோடு ஏத்தி எனக்குப் பழக்கம். கீழே போட மாட்டேன்" என்றார். என்னைப் பலகையில் கட்டி இழுத்து, தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே படுக்க வைத்தார்கள். கோலார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து ஆம்புலன்சில் பெங்களூருக்கு.

மறுநாள் என் காலை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ரத்த ஓட்டம் இல்லாமல் இருந்துவிட்டது, ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அந்த ஒரு மணி நேரம் என் நெஞ்சில் ஆணி மாதிரி இறங்கியது. ஒரு மணிக்கு என் தலைக்கு மேலே போனவர்கள் யார் என்று எனக்குத் தெரியும் அல்லவா?

மூன்றாம் நாள் ஷீலா என் கட்டில் பக்கத்தில் நின்றாள். மூன்று நாளாக அவள் எதுவும் சாப்பிடவில்லை என்று நர்ஸ் சொன்னார். "என்ன?" என்றேன்.

"நான் அன்னிக்கி சர்ச்சுல ஜெபம் பண்ணேங்க" என்றாள். "அந்த வண்டிய ஒடச்சிப் போடுங்க ஆண்டவரே, அவரு திரும்ப அதுல ஏறவே கூடாதுன்னு கேட்டேன். பாப்பா பாடிட்டு இருந்தா. நான் அழுது அழுது அதத்தான் கேட்டேன்." அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நான்தாங்க உங்க கால எடுத்துட்டேன்."

ஒரு நல்ல புருஷன் அப்போது என்ன சொல்லியிருப்பான்? நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமா. நீதான்" என்றேன்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவளோடு பேசவில்லை. அவள் மலச்சட்டி வைத்தாள், எடுத்தாள், உடம்பு துடைத்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். அவள் தண்ணீர் கொடுத்தால் குடிக்க மாட்டேன். நர்ஸ் கொடுத்தால் குடிப்பேன். பள்ளத்தில் கிடந்து அவ்வளவு கெஞ்சியவன், பிழைத்ததும் செய்தது இதுதான். காலை எடுத்தும் என் மனசு மாறவில்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிளப்காரர்கள் ஒரு தடவை வந்தார்கள். ஆறு பேர். ஆப்பிள் கொண்டுவந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று செல்ஃபி எடுத்தார்கள். போகும்போது ஒருத்தன் மட்டும் பின்தங்கி, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, உங்க வண்டி ஸ்கிராப்புக்குத்தான போகும்? அந்த எக்ஸாஸ்ட எனக்குக் கொடுத்துருங்களேன்" என்றான். என் காலின் கருகிய தோல் இன்னும் அதில் ஒட்டியிருந்திருக்கும். எடுத்துக்கோ என்றேன்.

பன்னிரண்டாம் நாள் டெம்போ டிரைவர் வந்தார். பெயர் முனிராஜு. ஒரு பை தக்காளியோடு வார்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஷீலா அவர் காலில் விழப் போனாள். அவர் பதறிப் பின்வாங்கினார்.

"பேடம்மா, பேடா, வேணாம்" என்றார். "நான் ஒண்ணும் பெரிய மனுஷன் அல்ல. இவன விட்டுட்டுப் போனவன்தான் நான்."

ஷீலாவுக்கு அது தெரியாது. நான் சொல்லியிருக்கவில்லை. அவளோடுதான் பேசவில்லையே.

"நெசமாத்தான் சொல்றேன்" என்றார் முனிராஜு. "அவன அப்படிப் பார்த்ததும் எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. சரியா ஆச்சுன்னு நெனச்சேன். ரெண்டு கிலோமீட்டர் போயிட்டேன்."

"அப்புறம் ஏன் திரும்பி வந்தீங்க?" என்று ஷீலா கேட்டாள்.

அவர் தக்காளிப் பையைக் கீழே வைத்தார். "தினமும் அந்த வழியாத்தான் நான் லோடு கொண்டு போகணும். அவன் அங்க செத்திருந்தா, அந்த வளைவுல நான் எப்படி வண்டி ஓட்டுறது? என் மனசு நல்லதுன்னு இல்லம்மா. எனக்குப் பயம் வந்துச்சு. அவ்வளவுதான்." பிறகு, "போனபோது மனசுல இருந்ததுக்கு, மன்னிச்சிடுங்க" என்று என்னைப் பார்த்துக் கை கூப்பினார்.

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் அவருடைய கண்ணாடியை உடைத்தவன். அவரிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கூட என் வாயில் இருந்து அதுவரை வந்திருக்கவில்லை.

அவர் போன பிறகு வெகு நேரம் படுத்திருந்தேன். நல்லவரா இருக்கணும்னு கூட இல்லை என்று நான்தான் கேட்டேன். சந்தோஷப்பட்டுக்கொண்டே போன ஒரு மனுஷனை, பயத்தைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார் என் தேவன். முனிராஜு போய்க்கொண்டிருந்த அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? திட்டிக்கொண்டிருந்தேன். நான் திட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த டெம்போ திரும்பிவிட்டது. சுவர் பக்கம் திரும்பி அழுதேன். பிறகு இந்தப் பக்கம் திரும்பினேன்.

"ஷீலா" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "சாப்பிட்டியா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உன் ஜெபம் என் கால எடுக்கல. நான் போன வேகம் எடுத்துச்சு. நான் பண்ண பாவத்த உன் தலையில ஏத்திட்டேன். என்னை மன்னிச்சிடு."

அவள் மன்னித்தாள் என்று சொல்கிறாள். ஆனால் இன்றைக்கும் அவள் ஜெபிக்கும்போது ஒரு காரியத்தைப் பேர் சொல்லிக் கேட்கப் பயப்படுகிறாள். "உங்க சித்தம் போல" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறாள். அந்தப் பயம் நான் கொடுத்தது. அது போக வேண்டும் என்று தினமும் கேட்கிறேன். இன்னும் போகவில்லை.

நவீன் வீட்டைத் தேடி தொம்மலூருக்குப் போனேன். அப்போது செயற்கைக் கால் பொருத்தவில்லை, அக்குள் கட்டைகளை ஊன்றிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். கதவைத் திறந்தான். மன்னிப்புக் கேட்டேன். அவன் முதல் எழுத்தில் நின்றான். நான் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருக்க வேண்டியவன் நான்தானே.

"ம... மன்னிச்சிட்டேண்ணா" என்றான். "ஆனா இ... இனிமே வராதீங்க."

கதவைச் சாத்திவிட்டான். அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இறங்குகிற ஒவ்வொரு படியிலும் அவனுக்காக ஜெபித்துக்கொண்டே இறங்கினேன்.

இப்போது கடையில் உட்கார்ந்தபடி வெல்டு செய்கிறேன். முனிராஜு மார்க்கெட்டுக்கு வரும்போது சில நாள் எங்கள் வீட்டில் காபி குடித்துவிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இங்கே இருக்கிறேன். ராத்திரிகளில் இல்லாத பாதம் எரிகிறது, அந்தக் குழாய் இன்னும் அழுந்தியிருப்பது மாதிரி. அப்போது எழுந்து உட்கார்ந்து நன்றி சொல்கிறேன். எரிச்சலோடு நன்றி சொல்ல முடியுமா என்று கேட்டால், முடியும் என்று சொல்லத்தான் வந்தேன்.

இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் சிலர், தாங்கள் பேசிய பேச்சுக்கும் செய்த செய்கைக்கும் பிறகு ஜெபிக்க வாயைத் திறக்க முடியாமல் இருப்பீர்கள். அழகான வார்த்தை வந்த பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருப்பீர்கள். காத்திருக்காதீர்கள். கோபமாக இருந்தால் கோபமாகவே கூப்பிடுங்கள். வாய் திக்கினால் திக்கியே கூப்பிடுங்கள். நீங்கள் கேட்டது கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். எனக்குக் கால் கிடைக்கவில்லை. ஆனால் ஒருத்தர் வருவார். அவர் மனசு இல்லாமல் வந்தாலும், கடிந்துகொண்டே வந்தாலும், அனுப்பியவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவரை நம்புங்கள்.